ஹராம் என்று சொல்ல முன் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள்



அன்பின் ஊரவர்களே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

இது கொஞ்சம் நீண்ட பதிவு. கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள். பாதியை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுமங்களில் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

கடந்த வாரம் எமது பாடசாலையில் நடந்த கண்காட்சியில், தரம் 10 மாணவர்கள் கரியால் வரைந்த 22 படங்களை வைத்திருந்தோம். வலை பின்னும் ஒருவர், பாய் இழைக்கும் மூதாட்டி, கதிரையில் தூங்கிப்போன காவலாளி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண் வெட்டும் கூலித் தொழிலாளி. எல்லாம் எமது ஊர் மனிதர்கள். முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் யாரோ அவற்றைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார்கள். லுஹருக்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. "எங்கட பிள்ளைகளுக்கு உருவப்படம் கீறப் படிப்பிக்கிறாங்க. இது ஹராமான வேலை. இதுக்கா பிள்ளைகள பள்ளிக்கூடம் அனுப்புற?" அது எத்தனை பேருடைய போனுக்குப் போனது என்று எமக்குத் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் 22 படங்களும் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருந்தன.

இப்போது வரும் சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். சித்திர அறையைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று பேசப் போகிறார்கள். அதற்கு முன் எமது பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கண்காட்சியை ஒழுங்கு செய்த ஆசிரியர்களாகிய நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம். குரல் பதிவு அனுப்பியவர் யார் என்று தேடவில்லை. எமது ஊர் மௌலவிமாரில் எவரும் அதை அனுப்பவில்லை என்பது எமக்குத் தெரியும். ஆகவே அவர்களை இதற்குள் இழுக்க வேண்டாம்.

முதலில் அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறோம். ஏனென்றால் குரல் பதிவைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த அறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

வருட ஆரம்பத்தில் எம்மிடம் வர்ணங்கள் இருக்கவில்லை. நல்ல தூரிகை ஒன்றின் விலை இன்று என்னவென்று பெற்றோருக்குத் தெரியும். எனவே கரியில் தொடங்கினோம். கடையில் விற்கும் கரிக்குச்சிகளும் விலை கூடியவை. நாங்களே செய்தோம். கொய்யாவிலும் பூவரசிலும் பென்சில் மொத்தத்தில் குச்சிகள் வெட்டி, பட்டை சீவி, நன்றாகக் காயவைத்து, பால்மாப் பேணிக்குள் நெருக்கமாக அடுக்கினோம். மூடியை இறுக்கி, அதில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டோம். பேக்கரிக்காரரிடம் கேட்டு, இரவுப் பாண் வேலை முடிந்த பிறகு போறணைக்குள் வைத்துவிட்டு வந்தோம். விடிந்ததும் எடுத்தால் உள்ளே கறுத்த குச்சிகள். தட்டினால் கண்ணாடி போல 'டிங்' என்று சத்தம். காற்றுப் போனால் மரம் எரிந்து சாம்பலாகும். காற்றை அடைத்துச் சூடு மட்டும் கொடுத்தால் மரத்திலுள்ள மற்றதெல்லாம் புகையாக வெளியேறி, கரி மட்டும் குச்சியின் உருவத்திலேயே மிஞ்சும். இது தரம் 10 விஞ்ஞானப் பாடமும்தான்.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டளவில் எழுதிய கைநூலில் இதே முறை இருக்கிறது. வில்லோ மரக் குச்சிகளைக் கம்பியால் கட்டி, புதுச் சட்டியில் வைத்து, மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூசி அடைத்து, மாலையில் பேக்கரிக்காரர் வேலை முடித்த பின் அவருடைய போறணையில் வைத்துவிட்டுக் காலையில் எடுக்கச் சொல்கிறார். அறுநூறு வருடங்கள் கழிந்தும், வேறு நாட்டில், வேறு மரத்தில், அதே பேக்கரி, அதே போறணை. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இறப்பர் வாங்கவும் தேவைப்படவில்லை. கரியை அழிக்க ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் பயன்படுத்தியது பாணின் உள்ளே இருக்கும் மெதுவான பகுதியைத்தான். நாங்கள் காய்ந்துபோன பாண்துண்டுகளைப் பயன்படுத்தினோம். தாளுக்குப் பத்திரிகை அச்சகத்தில் மிஞ்சிய வெறுந்தாள். பாடசாலையின் பணத்தில் ஒரு சதமும் இதற்குப் போகவில்லை. கணக்குக் கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

இனி, என்ன படிப்பித்தோம்?

நீட்டிய கையில் குச்சியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, எதிரில் நிற்பவரின் தலையை அளக்கப் படிப்பித்தோம். வளர்ந்த ஒருவர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். கைக்குழந்தை நாலு தலை. இதைச் சொல்லும்வரை எமது பிள்ளைகள் குழந்தையை வரைந்தால் அது குட்டையான மாமா போல இருக்கும்! மேசன்மார் சுவர் கட்டும்போது விடும் தூக்குக் குண்டை அறையின் நடுவில் தொங்கவிட்டோம். ஒருவர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றால், கழுத்துக் குழியிலிருந்து விழும் நேர்கோடு அந்தப் பாரம் தாங்கும் காலுக்குப் போகும். அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் இறங்கும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் எவரையும் பாருங்கள், இது தெரியும். ஆனால் நாம் பார்ப்பதில்லை.

அரை நிமிடத்தில் ஒரு படம், ஒரு நிமிடத்தில் ஒரு படம், ஐந்து நிமிடத்தில் ஒரு படம் என்று வரையவைத்தோம். அரை நிமிடத்தில் மூக்கையும் கண்ணையும் வரைய நேரமில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே பிடிக்கலாம். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னோம். அப்போது சின்னச் சின்ன விபரங்கள் மறைந்து, வெளிச்சம் எங்கே, இருள் எங்கே என்பது மட்டும் நிற்கும். தாள் முழுவதும் கரியைப் பூசிவிட்டு, பாணால் வெளிச்சத்தை மட்டும் எடுத்து ஒரு உருவத்தைக் கொண்டுவரப் படிப்பித்தோம். கரியை நாங்கள் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. கரி பிழையை மன்னிக்கும். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். பிழை விடப் பயந்து பயந்து படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

நான்காம் மாதத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, வீட்டில் பாய் இழைக்கும் தன் மூத்தம்மாவை வரைந்துகொண்டு வந்தாள். கையை மட்டும் ஏழு தரம் வரைந்திருந்தாள். "ஏன் மகள் கைய மட்டும் இத்தன தரம்?" என்று கேட்டோம். "சேர், மூத்தம்மாட கைய நான் இப்பதான் பாத்தன்" என்றாள். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் சொன்ன சொல் இது. அந்தப் படம்தான் குரல் பதிவோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றியது.

இப்போது குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். எமது பக்கத்துப் பிழையையும் மறைக்க மாட்டோம்.

"கை வளம் உள்ள பிள்ளைக்குத்தான் சித்திரம் வரும், மற்றவனுக்கு எதற்கு?" என்பது முதலாவது. இந்தப் பொய்யை ஊரில் பரப்பியவர்கள் வேறு யாருமல்ல, சித்திரம் படிப்பித்த ஆசிரியர்களாகிய நாங்களேதான். வருடக்கணக்காக ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "இதைப் பார்த்து வரை" என்றோம். வந்தவனுக்குக் கை வளம் என்றோம். வராதவனை விட்டுவிட்டோம். பரீட்சை வந்தால் ஒரு சந்தைக் காட்சி, ஒரு வயல் காட்சி என்று பாடமாக்கிக் கொடுத்தோம். பிறகு போன் வந்தது. போன் படத்தின் மேல் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்தெழுத வைத்தோம். கட்டத்துக்குள் இருப்பது மூக்கா, மூடியா என்று தெரியாமலேயே பிள்ளை அதை வரைந்து முடித்துவிடும். அது கண்ணாடித்தாள் வைத்துப் பிரதி எடுப்பதைப் போன்றது. அதைப் படிப்பித்தல் என்று சொன்னதற்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

உண்மை என்னவென்றால், வின்சன்ட் வான் கோ வரையத் தொடங்கியது 27 வயதில். அதுவரை படக்கடை வேலை, ஆசிரியர் வேலை, பாதிரி வேலை என்று எதிலும் நிலைக்காதவர். 1880 இல் பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் ஒரு சிறு அறையில் இருந்துகொண்டு, சார்ல்ஸ் பார்க் என்பவர் தொகுத்த கரிப் பயிற்சித் தாள்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்து வரைந்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் வரைந்தார். பத்து வருடங்களுக்குப் பின், 1890 இல், அவர் இறந்த அதே வருடத்தில், அந்தத் தாள்களை மீண்டும் அனுப்பும்படி தம்பிக்குக் கடிதம் எழுதினார். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் அவருக்கே அடிப்படைப் பயிற்சி திரும்பத் திரும்பத் தேவைப்பட்டது. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைக்கு 'தவ்ர்' போல. முடித்துவிட்டோம் என்று விட்டால் போய்விடும். கைக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, பெரிய குற்றச்சாட்டு. மார்க்கம்.

இதில் நாங்கள் விளையாடமாட்டோம். உருவங்கள் செய்வோரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. எமது ஊர் ஷாபிஈ மத்ஹப். அந்த மத்ஹபின் பெரும் இமாமான நவவி (ரஹ்) அவர்கள் உயிருள்ளவற்றை வரைவது பற்றிக் கடுமையாகவே எழுதியுள்ளார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு "இஸ்லாத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொன்னால் நாங்கள் பொய்யர்கள். அதே நேரம், நிழல் விழும் சிலைக்கும் தாளில் உள்ள படத்துக்கும் வித்தியாசம் பார்த்த அறிஞர்களும் இருந்தார்கள், குறிப்பாக மாலிக்கி மத்ஹபில். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபியவர்கள் அதைத் தடுக்காததும் ஹதீஸிலேயே இருக்கிறது. உயிர் தங்க முடியாதபடி முழுமையில்லாத உருவத்தில் தடையில்லை என்று கண்டிப்பானவர்களிலும் பலர் சொல்லியுள்ளார்கள். கல்விக்கும் மருத்துவத்துக்கும் தேவையான படங்களை அனுமதித்த இக்கால அறிஞர்களும் பலர். ஆக, இது கருத்து வேறுபாடு உள்ள விடயம். கண்டிப்பான கருத்தை எடுத்து நடக்கும் குடும்பத்தை நாங்கள் மதிக்கிறோம். அவர்களை நோக்கி ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லமாட்டோம்.

ஆனால் ஒரு ஹதீஸை எல்லோரும் சேர்ந்து யோசிப்போம். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் ஒருவர் வந்து, உருவங்கள் செய்வதுதான் தன் பிழைப்பு என்று முறையிட்டார். இப்னு அப்பாஸ் அவர்கள் நபியவர்களின் எச்சரிக்கையை எடுத்துச் சொன்னார்கள். அந்த மனிதர் நடுங்கிப் போனார். அப்போது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி வழிகாட்டினார்கள். கண்டிப்பான கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அதே செய்தியில், அந்தத் தொழிலாளியின் கை முடக்கப்படவில்லை. அதற்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது.

இதை வைத்தே நாங்கள் ஒரு யோசனையை எழுத்தில் கொடுத்தோம். கண்டிப்பான கருத்துள்ள பெற்றோர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும், அவர்களது பிள்ளை முழு உருவம் வரையாது. தனிக் கை, தனிப் பாதம், கதிரையில் போட்ட துணியின் மடிப்பு, தோணி, வேர், பானை, இவற்றையே வரையும். அளத்தல், சாய்வு, வெளிச்சம், இருள் எல்லாம் அதிலும் கற்கலாம். துணி மடிப்பை ஒழுங்காக வரைந்த பிள்ளைக்கு எதுவும் கஷ்டமில்லை. உருவப்படங்களைத் தொழுகை நடக்கும் மண்டபத்தில் மாட்ட மாட்டோம் என்றும் எழுதினோம்.

அதற்கு வந்த பதில்: "அதெல்லாம் சரி சேர். ஆனா அந்த ரூம் பின்னேர மெத்ஸ் கிளாசுக்குத் தேவைப்படுதே."

இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்த ஒரு வரிதான்.

ஹராம் என்று சொன்னவர்களுக்கு ஹராமில்லாத வழியைக் காட்டினோம். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியானால் பிரச்சினை உருவப்படமல்ல. பிரச்சினை அந்த அறை. சித்திரம் என்பது படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தள்ளிவிடும் மூலை என்று எமது ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. அதை வெளியே சொன்னால் நன்றாக இருக்காது. எனவே மார்க்கத்தைத் திரையாகத் தொங்கவிடுகிறோம். ஊர்ச் சந்தியைப் பாருங்கள். தேர்தல் வந்தால் ஒவ்வொரு மதிலிலும் ஆளுயர முகங்கள். டியூசன் பெனர்களில் ஆசிரியர்மார் கைகட்டி நிற்கும் படங்கள். கல்யாண வீடியோவுக்கு மேலே பறக்கும் கெமரா. புகைப்படம் வேறு, கையால் வரைவது வேறு என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள், அதை ஏற்கிறோம். ஆனால் எமது ஊரில் ஒருவரும் அந்த வித்தியாசத்தை ஆராய்ந்துவிட்டு பெனர் அடிக்கவில்லை. ஆராய்ச்சியெல்லாம் ஒரு தரம் 10 மாணவியின் கரிப்படம் வந்த பிறகுதான் தொடங்கியது.

மார்க்கக் காரணம் என்றால் அதை மார்க்கக் காரணமாகவே பேசுவோம், ஆலிம்களை அழைத்து, கிதாபைத் திறந்துவைத்து. அறை தேவை என்றால் அறை தேவை என்று சொல்லுங்கள், அதற்கும் வழி தேடுவோம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்வதைத்தான் எதிர்க்கிறோம். அல்லாஹ்வின் சட்டத்தை எமது அறைப் பிரச்சினைக்குச் சாட்டாகப் பிடிப்பதைவிடப் பெரிய அவமரியாதை அந்தச் சட்டத்துக்கு இல்லை.

மூன்றாவது: "இதனால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?"

கேள்வி நியாயமானது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பார்வை எப்படி நிகழ்கிறது என்று ஏழு பாகங்களில் எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய நம்பிக்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று காட்டினார். அதோடு, ஒளி வந்தால் மட்டும் பார்த்ததாகாது, மனம் ஒப்பிட்டுப் பகுத்தறிந்தால்தான் பார்வை முழுமையாகும் என்றும் சொன்னார். அவர் எவருக்கும் படம் வரையச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய நூல் லத்தீனுக்கும் பிறகு இத்தாலிய மொழிக்கும் போனது. பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரச் சிற்பி கிபெர்ட்டி தன் குறிப்புகளில் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தெழுதினார். கண் திறந்திருப்பது வேறு, பார்ப்பது வேறு என்பது எமது ஆள் சொன்னதுதான். "மூத்தம்மாட கைய இப்பதான் பாத்தன்" என்று சொன்ன பிள்ளை அதையே தன் வார்த்தையில் சொன்னாள்.

உங்கள் பிள்ளை டொக்டராக வேண்டுமா? பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஷீராஸ் நகரத்தைச் சேர்ந்த மன்சூர் இப்னு இல்யாஸ் எழுதிய உடற்கூற்று நூலில் எலும்பு, நரம்பு, இரத்தக் குழாய்கள் என்று முழு மனித உடல் படங்களாகவே இருக்கிறது. எழுத்தால் மட்டும் விளங்கப்படுத்த முடியாததைப் படத்தால் விளங்கப்படுத்தினார் ஒரு முஸ்லிம் வைத்தியர். கட்டடக் கலைஞராக வேண்டுமா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தனியாக உளச்சார்புப் பரீட்சையும் இருக்கிறது. தையல், தச்சு, மேசன் வேலை எதுவென்றாலும் கண்ணால் அளக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் கூலியிலேயே வித்தியாசம் உண்டு.

என்றாலும் தொழிலைக் காட்டி மட்டும் இந்த வகுப்பை விற்க எமக்கு விருப்பமில்லை. கணித வகுப்பும் வேண்டும், இதுவும் வேண்டும். ஒரு மணித்தியாலம் போனைத் தொடாமல், எதிரில் இருக்கும் மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இன்று எமது பிள்ளைகளுக்கு வேறு எங்கே படிப்பிக்கிறோம்?

நான்காவது, மெதுவான குரலில் சொல்லப்படுவது: "பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா?"

மனித உருவம் வரைதல் என்றதும் ஐரோப்பாவில் ஆடையில்லாத மாதிரிகளை வைத்து வரைவார்களாம் என்று யாரோ இணையத்தில் பார்த்துவிட்டுப் பயமுறுத்துகிறார்கள். ஆம், அங்கே அப்படியொரு மரபு இருக்கிறது. எமது வகுப்பில் அது இல்லை, இருக்கவும் மாட்டாது. இங்கே மாதிரியாக இருந்தவர்கள் சீருடை போட்ட மாணவர்கள், பர்தா அணிந்த ஆசிரியைகள், சாரம் உடுத்த காவலாளி. வலை பின்னுபவரையும் மண் வெட்டுபவரையும் அவர்கள் வேலை செய்த இடத்திலேயே, அவர்களிடம் கேட்டு வரைந்தார்கள். மடிப்பு விழும் ஆடைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கூடக் கஷ்டமான பாடம்.

ஆனால் ஒழுக்கத்தின் பெயரால் பெண்களை வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே ஐரோப்பாவில் ஒரு படம் சாட்சியாக இருக்கிறது. 1768 இல் லண்டனில் றோயல் அகடமி தொடங்கியபோது, தொடங்கியவர்களில் இரண்டு பெண் ஓவியர்களும் இருந்தார்கள்: அஞ்சலிக்கா கவ்மன், மேரி மோசர். சில வருடங்களில் ஸொஃபனி என்பவர் அகடமி உறுப்பினர்கள் மாதிரி வரையும் அறையில் கூடியிருப்பதாக ஒரு படம் தீட்டினார். அந்த அறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. எனவே அந்த இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு முகப்படங்களாக மட்டும் வரைந்தார். தாங்கள் தொடங்கிய இடத்திலேயே அவர்கள் சுவரில் தொங்கினார்கள். அங்கே மாணவிகளுக்கு அந்த வகுப்பு திறக்க 1893 வரை சென்றது. அவர்கள் தங்கள் வகுப்பை ஆடையோடு திருத்தி அமைத்திருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள் வீணாகியிருக்காது. நாம் அமைத்துவிட்டோம். பிறகும் ஏன் பூட்ட வேண்டும்?

கடைசியாக ஒன்று.

1514 இல் ஜேர்மனிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் உம்மாவைக் கரியால் வரைந்தார். அப்போது உம்மாவுக்கு வயது 63. பதினெட்டுப் பிள்ளை பெற்று, பெரும்பாலானோரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த பெண். வற்றிய கன்னம், எலும்பு தெரியும் கழுத்து, ஒரு பக்கம் விலகிய கண். அவர் எதையும் அழகுபடுத்தவில்லை. இரண்டு மாதத்தில் உம்மா மௌத்தாகிவிட்டார். அந்தத் தாள் இன்றும் பெர்லினில் இருக்கிறது. வெறும் கரி, வெறும் தாள், ஐந்நூறு வருடங்கள்.

எமது மூத்தம்மாமாரை யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? காலனித்துவக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எம்மை வரைந்தார்கள், படமெடுத்துத் தபால் அட்டைகளில் அடித்தார்கள். அவற்றில் எமது ஆட்களுக்குப் பெயர்கூட இல்லை. 'மூர்மேன் வியாபாரி' என்று மட்டும் போட்டிருக்கும். அடுத்தவர் பார்த்த பார்வையில்தான் எமது முன்னோரின் முகம் மிஞ்சியிருக்கிறது. 1237 இல் பக்தாத்தில் யஹ்யா அல்வாஸிதி, ஹரீரியின் மகாமாத் நூலுக்குப் படம் வரைந்தார். அதில் பள்ளிவாசலில் கூடியிருக்கும் சனம், ஹஜ்ஜுக்குப் போகும் கூட்டம், கிராமத்து வீட்டு வாசல், எல்லாம் இருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்து முஸ்லிம் சனங்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எப்படி உடுத்தார்கள் என்று இன்று எமக்குத் தெரிகிறது. எமது ஊரில் பன்பாய் இழைப்பவர்கள் இனி எத்தனை பேர்? அந்த விரல்கள் எப்படி மடிந்தன என்று பத்து வருடங்களுக்குப் பின் யாரைக் கேட்பது? வீடியோ இருக்கிறதே என்பீர்கள். வீடியோ எடுத்தவர் எவரும் அந்தக் கையை ஏழு தரம் பார்க்கவில்லை.

ஆகவே ஊரவர்களிடம் எமது வேண்டுகோள் இதுதான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். சித்திர வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வாருங்கள். பின்னேர வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால், பாடசாலை விட்ட பிறகு சித்திர அறையைத் தர நாங்கள் தயார். பலகைகளைச் சுவரோரம் அடுக்கி வைப்பது எமது பொறுப்பு. காலையில் அது சித்திர அறையாகவே இருக்க வேண்டும். மார்க்கச் சந்தேகம் உள்ளவர்கள் எமது எழுத்து மூலமான யோசனையை வாசித்து, ஆலிம்களிடம் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தைக் கொண்டு வாருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்போம்.

அதற்கு முன், வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் ஒரு தரம் அந்த அறைக்கு வந்து பாருங்கள். குரல் பதிவு அனுப்பியவரும் வரலாம், யார் என்று கேட்க மாட்டோம். மரத்தையும் பானையையும் வரையும் பிள்ளைகளையும் பார்க்கலாம். விரும்பினால் ஒரு கதிரையில் பத்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். பிள்ளைகள் உங்கள் கையை மட்டும் வரையட்டும். உங்கள் கையை உங்கள் பிள்ளை எப்போதாவது அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறதா என்று யோசித்துவிட்டு, பிறகு சனிக்கிழமை கையை உயர்த்துங்கள், எந்தப் பக்கமென்றாலும்.

கழற்றப்பட்ட 22 படங்களும் பத்திரமாக இருக்கின்றன. மூத்தம்மாவின் படத்தை மட்டும் அந்த மாணவி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மூத்தம்மா கேட்டாராம்.

கருத்துச் சொல்பவர்கள் பண்பாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர்களைப் போட வேண்டாம். இதைப் பெற்றோருக்குப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.